அண்டி ஆபீஸில் வாரம் மூன்று நாள்தான் வேலை: வெளிநாட்டு ஒப்பந்தம்தான் காரணமா?

கருங்கல்காரி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கலுக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு 52 வயது. 23 வருடமாக அண்டி ஆபீஸில் வேலை. வெளி மாவட்டத்தில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரிக் கொட்டையை எங்கள் பக்கம் அண்டி என்போம், முந்திரிப் பருப்பு ஆலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

முதல் 12 வருடம் அம்மாவுக்குத் தல்லு வேலை. வறுத்த அண்டியைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். ஓட்டில் இருந்து கசியும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் பொள்ளும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் தல்லுவார்கள். அப்படியே அம்மாவின் விரல்களில் ரேகை தேய்ந்து போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் கை வைத்தால் எடுக்காது, நான்தான் போய் நிற்க வேண்டும். அப்புறம் பீலிங்குக்கு மாற்றினார்கள். பருப்பின் சிவப்புத் தொலியைச் சின்னக் கத்தியால் நீக்கும் வேலை. கூலி கிலோ கணக்கு.

மூன்று வருடம் முன்பு வரை வாரம் ஆறு நாளும் வேலை இருந்தது. இப்போது மூன்று நாள். அண்டி லோடு வரவில்லை என்று சில வாரம் அதுவும் இல்லை. கேட்டால் சூப்பர்வைசர், “வியட்நாம் பருப்பு வருதும்மா, கவர்மெண்ட் ஒப்பந்தம் போட்டாச்சு, நாங்க என்ன செய்ய” என்கிறார். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் என் மாமாவும் அதையேதான் சொல்கிறார். ஆசியான் (வியட்நாம், தாய்லாந்து போன்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பு) ஒப்பந்தம் வந்த பிறகுதான் ரப்பர் விலை விழுந்தது என்கிறார். நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் முதலாளியின் மகன் வெளியூரில் எம்.பி.ஏ. படித்தவர். அவர், ஒப்பந்தம் போட்டால்தான் வேலை பெருகும், ஐரோப்பாவில் நான்கு நாடுகள் 10 லட்சம் வேலை தருவதாக எழுதியே கொடுத்திருக்கின்றன என்கிறார்.

இரண்டு பக்கம் சொல்வதையும் நம்ப முடியவில்லை. தேர்வுக்கு எழுதுவதற்காக நான் இதைக் கேட்கவில்லை. அப்பா கேரளத்தில் கொத்தனார் வேலைக்குப் போனவர், முட்டுவலியால் இப்போது வீட்டில் இருக்கிறார். அம்மா இந்த ஆபீஸ் பழையபடி ஓடும் என்று இன்னும் காத்திருக்க வேண்டுமா, இல்லை விட்டுவிட வேண்டுமா என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொன்மனை ரப்பர்

தங்கச்சி, முந்திரி எனக்குத் தெரியாது. ரப்பரைப் பற்றி உன் மாமா சொன்னதில் பாதி சரி. அதைச் சொல்கிறேன்.

எனக்கு இரண்டரை ஏக்கர். 2011 ஏப்ரலில் ரப்பர் ஷீட் கிலோ 240 ரூபாய் வரை போனது. அந்த வருடம்தான் வீட்டுக்கு மேல்மாடி போட்டேன். 2016 பிப்ரவரியில் 100-க்கும் கீழே வந்துவிட்டது. வெட்டுக்காரருக்குப் பாதி கொடுத்து, பாலை உறைய வைக்கும் அமிலத்துக்கும் மழைக்கு மரத்தில் பிளாஸ்டிக் ஒட்டவும் செலவழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலை விற்றுத்தான் கரண்ட் பில் கட்டினேன். அந்த நேரத்தில் நானும் குலசேகரம் சந்திப்பில் நின்று ஆசியான் ஒப்பந்தத்தைத் திட்டிக் கோஷம் போட்டவன்தான்.

அப்புறம் ரப்பர் உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் தாளைக் காட்டி விளக்கினார். ஆசியான் ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பர் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு நம் நாடு வரிச் சலுகை தரவே இல்லை. வெளியில் இருந்து ஷீட் வந்தால் 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது வரி. 20 ஆக இருந்ததை 2015-ல்தான் 25 ஆக்கினார்கள். வரி கூடியும் விலை விழுந்தது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் முன்பு நட்ட மரங்கள் ஒரே நேரத்தில் வெட்டுக்கு வந்தன, சீனா வாங்குவது மெதுவானது, கச்சா எண்ணெய் விழுந்ததால் செயற்கை ரப்பரும் மலிந்தது.

மீதிப் பாதி வேறு வழியாக வருகிறது. இயற்கை ரப்பரில் கொஞ்சம் கார்பன் கறுப்பும் வேறு சில பொருட்களும் சேர்த்தால் அதன் பெயர் காம்பவுண்ட் ரப்பர். சுங்கத்தில் அது வேறு தலைப்பு (பொருட்களை வகை பிரிக்கும் எண்), விலக்குப் பட்டியலும் அதைத் தடுக்காது. 2023 பட்ஜெட்டில் காம்பவுண்டுக்கும் 10 சதவீதத்தில் இருந்து 25 ஆக்கினார்கள். ஆனால் ஆசியான் நாட்டில் இருந்து ஒப்பந்தச் சான்றிதழோடு வந்தால் அந்த உயர்வு பொருந்தாது. இதைத்தான் நாங்கள் இன்னும் சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

2024 ஆகஸ்டில் விலை மறுபடி 240-ஐத் தாண்டியது. அதே ஒப்பந்தம் அப்போதும் நடப்பில்தான் இருந்தது. ஆனால் எனக்கு வெட்டிக்கொண்டிருந்தவர் 2016-லேயே கோட்டயம் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டார். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியற்காலை மூன்று மணிக்கு மலையேற இப்போது யாரும் கிடைப்பதில்லை. நல்ல விலை வந்த மாதத்தில் என் மரங்களில் பாதி வெட்டாமல் நின்றன. விலை விழுந்தபோது போன வேலை, விலை ஏறினால் தானாகத் திரும்பி வரும் என்று நினைக்காதே. அம்மா விஷயத்திலும் இதை யோசி.

தக்கலை, இப்போது தூத்துக்குடி

சொந்த ஊர் தக்கலை. தூத்துக்குடி துறைமுகத்தில், இறக்குமதிச் சரக்குக்குச் சுங்கத் தாள் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். உங்கள் அம்மா தல்லிய அண்டியில் கொஞ்சமாவது என் கையெழுத்துப் போட்ட தாளில் வந்திருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் அம்மாவின் வேலையே இறக்குமதியில் நிற்கும் வேலை. நம் நாட்டில் விளையும் அண்டி நம் ஆலைகளுக்குப் போதாது. பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் இருந்து வருகிறது: ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி பிஸாவ், தான்சானியா. மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு பிப்ரவரி, மார்ச்சில் கிளம்பும், தான்சானியா சரக்கு அக்டோபருக்கு மேல். கப்பல் தாமதமானாலும் அங்கே விலை ஏறினாலும் கருங்கலில் ஆபீஸ் கதவு அடைக்கும். 2016 வரை பச்சை அண்டிக்கு, அதாவது உடைக்காத கொட்டைக்கு, இறக்குமதி வரி இல்லை. அந்த வருடப் பட்ஜெட்டில் 5 சதவீதம் போட்டார்கள், ஆலைகள் அழுத பிறகு 2018-ல் 2.5 ஆக்கினார்கள். ஆகவே வெளிநாட்டுச் சரக்கே வரக்கூடாது என்று ஒருவர் சொன்னால், உங்கள் வீட்டில் மிச்சம் இருக்கும் மூன்று நாளும் போய்விடும். பிரச்சினை பச்சை அண்டி வருவதில் இல்லை. உடைத்து உரித்து, வேலை முடிந்த பருப்பாக வந்தால்தான் பிரச்சினை.

அந்தப் பருப்புக்கு நேர் வாசல் நன்றாகவே அடைத்திருக்கிறது. 2019 ஜூனில் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள்: உடைந்த பருப்பு கிலோ 680 ரூபாய், முழுப் பருப்பு 720. அதற்குக் குறைந்த விலை காட்டி இறக்க முடியாது. அடுத்த மாதமே பட்ஜெட்டில் வரியை 45 சதவீதத்தில் இருந்து 70 ஆக்கினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் வியட்நாம் பருப்பு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள்.

பொன்மனைக்காரர் சொன்ன அதே கதைதான். வெறும் பருப்பு சுங்கப் புத்தகத்தில் 08-ம் அத்தியாயம். வறுத்து உப்புப் போட்டது 20-ம் அத்தியாயம், பதப்படுத்திய உணவு. அங்கே ஆசியான் சலுகை உண்டு. லேசாகச் சூடு காட்டி, வறுத்தது என்று பெயர் போட்டு இறக்குகிறார்கள் என்பது நம் ஆலைக்காரர்களின் பல வருடக் குற்றச்சாட்டு. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முறை ஒரு பெட்டி திறந்தபோது பக்கத்தில் நின்றேன். தாளில் வறுத்தது. மூக்கில் வறுத்த வாசமே இல்லை. பருப்பு பால் போல வெள்ளை. அதிகாரி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். அந்த வழக்கு எங்கள் கையில் இல்லாததால் முடிவு எனக்குத் தெரியவரவில்லை. ஆனால் அம்மாவின் கத்தி நீக்கியிருக்க வேண்டிய தொலியை வேறு யாரோ நீக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்பது மட்டும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்தது, எந்த நாட்டுப் பொருள் என்ற கேள்வி. ஒப்பந்தச் சலுகை வேண்டுமானால் அந்தப் பொருள் ஆசியான் நாட்டில் உண்டானது என்று சான்றிதழ் வேண்டும். ஏஐ படிவம் என்று பெயர். விலையில் குறைந்தது 35 சதவீதம் ஆசியானுக்குள் (அல்லது நம் நாட்டில்) சேர்ந்த மதிப்பாக இருக்க வேண்டும், பொருளின் சுங்கத் துணைத் தலைப்பும் மாறியிருக்க வேண்டும். வியட்நாமும் நம்மைப் போலத்தான், ஆப்பிரிக்காவில் இருந்தும் கம்போடியாவில் இருந்தும் அண்டியை வாங்கி உடைக்கிறது. கம்போடியா ஆசியானில் சேர்த்தி, ஆப்பிரிக்கா இல்லை. பருப்பு விலையில் பெரும்பங்கு அண்டியின் விலையே. அப்படியிருக்க, ஆப்பிரிக்க அண்டியை வெறுமனே உடைத்து உரித்தால் 35 சதவீத மதிப்பு சேருமா? ஒவ்வொரு பெட்டியிலும் கேட்க வேண்டிய கேள்வி இது. ரொம்ப காலம் நாங்கள் சான்றிதழ் தாளை நீட்டுவோம், அவர்கள் முத்திரை குத்துவார்கள், முடிந்தது. 2020 செப்டம்பர் 21 முதல் புதிய விதி வந்தது. பொருள் எப்படி அந்த நாட்டுப் பொருளானது என்ற விவரத்தை இறக்குமதி செய்பவரே கையில் வைத்திருக்க வேண்டும், அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். நல்ல விதி. எங்கள் அலுவலகத்தில் அதற்கென்று தனி அலமாரியே வாங்கினோம்.

என் கணிப்பைக் கேட்டால், ஆசியான் ஒப்பந்தத்தை மட்டும் குற்றவாளியாக நிறுத்துவது சரியில்லை. அது 2009 ஆகஸ்ட் 13-ல் கையெழுத்தாகி 2010-ல் அமலுக்கு வந்தது. வியட்நாம் அதற்கு முன்பே நம்மைத் தாண்டி உலகத்தில் அதிகப் பருப்பு விற்கும் நாடாகிவிட்டது. அவர்கள் உடைக்கவும் உரிக்கவும் நிறம் பார்த்துப் பிரிக்கவும் மெஷின் வைத்தார்கள். நாம் உங்கள் அம்மாவின் கையை வைத்தே ஓட்டினோம். ஆப்பிரிக்க நாடுகளும் இப்போது அண்டியைத் தங்கள் ஊரிலேயே உடைக்க ஆசைப்படுகின்றன. அது அவர்கள் நியாயம், ஆனால் நமக்கு வரும் அண்டி குறையும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கேரளத்தின் கொல்லத்து முதலாளிகள் ஒரு காலத்தில் நம் மாவட்டத்துக்குள் ஆபீஸ் திறந்ததே இங்கே கூலி குறைவு என்பதற்காகத்தான். கூலி குறைவாக இருக்கிறது என்று வந்த வேலை, இன்னும் குறைந்த செலவில் முடியும் இடத்தைக் கண்டால் கிளம்பிவிடும். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கிளம்பும், ஒப்பந்தம் இருந்தால் சீக்கிரம் கிளம்பும்.

நம் ஊர்த் தேங்காயைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாமாயில் வந்து தேங்காய் எண்ணெயைக் கெடுக்கிறது என்றாலும் எல்லோரும் ஒப்பந்தத்தையே திட்டுகிறார்கள். ஆசியான் ஒப்பந்தப்படி கச்சா பாமாயிலுக்கு 37.5 சதவீதம் வரை நாம் வரி வைத்துக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் இருந்து 2024 செப்டம்பர் வரை அடிப்படை வரி சைபர். விலைவாசிக்குப் பயந்து டெல்லி தானே குறைத்தது. எந்த வெளிநாடும் கையை முறுக்கவில்லை. எந்தப் பொருள், எந்தத் தலைப்பு, யார் போட்ட வரி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியும்.

கருங்கல்காரி

ஐயா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “வாசமே இல்லைன்னா அது வறுக்காத பருப்புதான்” என்று உடனே சொன்னார். வறுத்ததை விரலால் தேய்த்தாலே தொலி கழன்று வருமாம்.

ஒரு சந்தேகம். மெஷின் வந்தால் அம்மாவைப் போன்றவர்களுக்கு எப்படியும் வேலை போகும். மெஷின் வராவிட்டால் ஆபீஸே போகும். அப்படியென்றால் இங்கிலாந்து, ஐரோப்பா ஒப்பந்தங்களில் வரும் என்று சொல்லும் புது வேலைகள் யாருக்கு?

தூத்தூர் கடல்

அதற்கு நான் கொஞ்சம் சொல்கிறேன். நாங்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். 2025 ஜூலை 24-ல் இங்கிலாந்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானபோது எங்கள் பக்கம் நல்ல பேச்சு. நம் இறாலுக்கும் கணவாய்க்கும் அங்கே வரி இல்லாமல் போகும் என்றார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அடி முதலில் வளர்ப்பு இறாலுக்குத்தான். ஆனால் அதைக் காரணம் காட்டிக் கரையில் எங்கள் சரக்குக்கும் விலையைக் குறைத்துக் கேட்டார்கள். வெளிநாட்டில் வரி ஏறினால் அன்றைக்கே எங்கள் ஏலத்தில் தெரிகிறது. வரி இறங்கினால் அந்தக் காசு வள்ளத்துக்காரன் வரைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. ஏலக்காரரிடம் கடன் வாங்கித்தான் டீசலும் ஐஸும் ஏற்றுகிறோம், அதனால் பேரம் பேச வாய் வராது.

வேலை வரும். அது எங்கே வரும் என்பதுதான் கேள்வி. என் மதினி இருபது வயதில் குஜராத்தில் ஒரு கம்பெனிக்கு இறால் உரிக்கப் போனார். ஊரில் இருந்து 14 பேர் ஒன்றாகப் போனார்கள். இருபது வயதில் போகலாம். 52 வயதில், முட்டுவலிக்காரரை வீட்டில் விட்டுவிட்டு யார் போவது?

தக்கலை, இப்போது தூத்துக்குடி

தூத்தூர்த் தம்பி சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். முதலாளியின் மகன் சொன்ன 10 லட்சம் வேலை பொய்யில்லை. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளோடு 2024 மார்ச் 10-ல் போட்ட ஒப்பந்தம் அது, 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. 15 வருடத்தில் 10,000 கோடி டாலர் முதலீடு, 10 லட்சம் நேரடி வேலை என்ற இலக்கு அதில் எழுதியே இருக்கிறது. நடக்காவிட்டால் நாம் கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறவும் வழி வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி ஷரத்து நம் ஒப்பந்தங்களில் இதற்கு முன் வந்ததில்லை, நல்ல காரியம். ஆனால் அது மருந்து, மெஷின், இன்ஜினியரிங் பக்கம் போகும் பணம். இங்கிலாந்து ஒப்பந்தத்தில் திருப்பூர் பனியனுக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டை செருப்புக்கும் வழி திறக்கும். பங்களாதேஷ் சரக்கு அங்கே வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது திருப்பூர்காரர்கள் வரி கட்டி விற்றார்கள், அந்தக் குறை தீரும். திருப்பூரில் ஒரு பெண்ணுக்கு வேலை கிடைப்பதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். அது உங்கள் அம்மாவின் வேலைக்கு ஈடாகாது, அவ்வளவுதான்.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், இறக்குமதியால் வேலை இழந்தவருக்கு என்று நம்மிடம் தனியாக ஒரு ஏற்பாடும் இல்லை. அமெரிக்காவில் 1962-லேயே இதற்காகச் சட்டம் போட்டார்கள்: வேலை போனவருக்குப் பயிற்சி, கொஞ்ச காலம் உதவித்தொகை. அவர்களே 2022-ல் அதைக் காலாவதியாக விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அப்படி ஒரு நிதி இருக்கிறது. நாம் வரிப் பட்டியலைப் பொருள் பொருளாகப் பேரம் பேசுகிறோம். எந்தத் தலைப்பில் கை வைத்தால் எந்த ஊரில் எத்தனை பெண்கள் வீட்டில் உட்காருவார்கள் என்று அதே மேசையில் யாராவது எழுதி வைக்க வேண்டாமா? ஆசியான் ஒப்பந்தத்தைத் திருத்தும் பேச்சு நடக்கிறது. வறுத்த பருப்பையும் காம்பவுண்ட் ரப்பரையும் அங்கே எழுப்பச் சொல்லி நம் எம்.பி.க்கு எழுதுங்கள். தலைப்பு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பொத்தாம் பொதுவாக ஒப்பந்தத்தை ரத்து செய் என்று எழுதினால் அந்தத் தாள் எங்கும் போகாது.

பள்ளியாடி அக்கா

மக்களே, நான் 30 வருடம் பீலிங்கிலும், தரம் பிரிக்கும் கிரேடிங்கிலும் இருந்தவள். பருப்பை ஒரு பார்வை பார்த்தாலே எந்தத் தரம், 240-ஆ 320-ஆ என்று சொல்லிவிடுவேன். இவர்கள் சொன்னதெல்லாம் பெரிய விஷயம். எனக்குத் தெரிந்த சின்ன விஷயத்தை நான் சொல்கிறேன், அம்மாவுக்கு அதுதான் இப்போது உதவும்.

காத்திருப்பதா, விடுவதா என்று கேட்டாய். எதைச் செய்தாலும் முதலில் பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பார். பத்து வருடம் பென்ஷன் கணக்கு ஓடியிருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சராசரி 9,000 என்றும் 14 வருடம் என்றும் வைத்துக்கொள், 1,800 ரூபாய் வரும். வேலையை விட்டுவிட்டு 50 வயதுக்கு மேல் முன்கூட்டியே கேட்டாலும் தருவார்கள், ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள், அந்தக் குறைவு கடைசி வரை இருக்கும். அவசரப்பட்டுக் கேட்காதே. ஆஜர் இல்லாத நாட்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்றும் பார், சராசரி அதைப் பொறுத்து மாறும்.

அடுத்து கிராஜுவிட்டி, வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை. ஒரு வருடத்துக்கு 15 நாள் கூலி. அம்மாவுக்கு 23 வருடம் என்றால் சின்னத் தொகை இல்லை. கிலோ கணக்குக் கூலிக்காரருக்குக் கடைசி மூன்று மாதத்தில் வாங்கிய கூலியை வைத்துத்தான் கணக்கு. அதனால் வேலையே இல்லாமல் கிடக்கிற மாதங்களில் எழுதிக் கொடுத்துவிட்டு வராதே. லோடு நன்றாக வந்து நாலு காசு பார்க்கிற மாதங்களுக்குப் பிறகு விடச் சொல்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆபீஸில் என் பெயரை பி.எஃப்.பில் ஒரு மாதிரி எழுதியிருந்தார்கள், ஆதாரில் வேறு மாதிரி. அதைச் சரி செய்ய எட்டு மாதம் அலைந்தேன். ஆபீஸ் திறந்திருக்கும்போதே சரி பண்ணினால் ஒரு கையெழுத்தில் முடியும். மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டும். அம்மா இன்னும் அங்கே போய்வருகிற இந்த மூன்று நாளை இதற்குப் பயன்படுத்து. ரேகை பற்றிப் பயப்படாதே. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று வருடா வருடம் காட்டுவதற்கு இப்போது போனில் முகத்தைக் காட்டினாலும் எடுக்கும். எனக்கும் கையில் ரேகை இல்லை, போன நவம்பரில் பேரன்தான் பிடித்துக் கொடுத்தான்.

பருப்பு தரம் பிரிக்கத் தெரிந்த கைக்கு இப்போதும் மதிப்பு இருக்கிறது. மெஷின் உரித்தாலும் உரியாமல் வருகிற பருப்பைக் கை வைத்துத்தான் முடிக்கிறார்கள். பக்கத்தில் மெஷின் போட்ட ஆபீஸ் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். 23 வருடம் பருப்பைத் தொட்டவரை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

கருங்கல்காரி

அக்கா, ஐயா, அண்ணன்மாருக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாஸ்புக்கை எடுத்துவிட்டேன். பென்ஷன் கணக்கு 19 வருடம்தான் காட்டுகிறது. 23-ல் முதல் நாலு வருடத்தைக் காணவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அப்போது வேறு ஆபீஸில் இருந்தாராம். அது மூடி ரொம்ப நாளாகிவிட்டது. அந்தக் காலத்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) அட்டை ஒன்று டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது, பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அக்கா, கிராஜுவிட்டி இப்போதைய ஆபீஸின் 19 வருடத்துக்குத்தானே வரும்? அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப் போகவில்லை. அம்மா திங்கட்கிழமை கிளார்க்கிடம் கேட்டார். ஜெராக்ஸ் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் புதன், வியாழன், வெள்ளி வேலை உண்டாம், தான்சானியா அண்டி ஒரு லோடு வந்திருக்கிறது. புதன்கிழமை ஜெராக்ஸைக் கொடுத்துவிடுவார்.

மாமாவிடம் காம்பவுண்ட் ரப்பர் விஷயத்தைச் சொன்னேன். எம்.பி.க்கு எழுதும் மனுவில் ரப்பரையும் சேர்க்கச் சொல்கிறார். அவரோடு வெட்டுகிற ஆறு பேரும் கையெழுத்துப் போடுவார்களாம். அம்மாவின் ஆபீஸில் 40 பெண்கள் இருக்கிறார்கள். தக்கலை ஐயா, வறுத்த பருப்புக்கும் காம்பவுண்ட் ரப்பருக்கும் தலைப்பு எண்ணை முழுதாக எழுதித் தர முடியுமா? மனுவில் தப்பில்லாமல் போட வேண்டும்.

தக்கலை, இப்போது தூத்துக்குடி

காம்பவுண்ட் ரப்பர் 4005. இயற்கை ரப்பர் 4001, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், வித்தியாசம் படிப்பவருக்கு உடனே புரியும். வெறும் முந்திரிப் பருப்பு 0801 32. வறுத்து உப்புப் போட்டது 2008 19. மனு எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள், அனுப்பும் முன் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.